நீச்சல்குள பம்ப் சத்தம்: பெட்டி அடிப்பதற்கு முன் சில கணக்குகள்

வீட்டு நீச்சல்குளத்தின் பம்ப் இரைகிறது என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பெட்டிதான். பிளைவுட்டில் ஒரு கூண்டு, உள்ளே ஃபோம், மேலே ஒரு தகரம். பக்கத்தில் நின்று கேட்டால் சத்தம் குறைந்த மாதிரி இருக்கும். ராத்திரி பக்கத்து வீட்டிலிருந்து அதே புகார் வரும். சித்திரை மாசம் மோட்டார் சூடேறி ட்ரிப் ஆகும். பெட்டியே கூடாது என்று சொல்லவில்லை, அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் கண்டுபிடிக்கணும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண பூல் பம்பில் இருப்பது இரண்டு துருவ இண்டக்ஷன் மோட்டார். நிமிடத்துக்கு சுமார் 2,880 சுற்று, அதாவது நொடிக்கு 48. சுழலும் பாகத்தில் எடை சமமாக இல்லையென்றால் அதிர்வு 48 ஹெர்ட்ஸில் வரும். மின்காந்த உறுமல் 100 ஹெர்ட்ஸில். இம்பெல்லரில் ஐந்து இறக்கை இருந்தால் தண்ணீரின் துடிப்பு 240 ஹெர்ட்ஸ். மொபைலில் ஏதாவது ஒரு இலவச ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டால் இந்த முகடுகளைப் பார்க்கலாம். ஆப் காட்டும் டெசிபல் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். போன் மைக் அடித்தொனியில் பலவீனமானது. ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து, வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று ஒப்பிட அது போதும்.

இந்த எண்கள் எதற்கு என்றால், 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 3.4 மீட்டர். 48 ஹெர்ட்ஸுக்கு 7 மீட்டர். இரண்டு அங்குல ஃபோம் இந்த அலைகளை ஒன்றும் பண்ணாது. கீச்சு சத்தத்தை உறிஞ்சும், உறுமலை விட்டுவிடும். தூக்கத்தைக் கெடுப்பதோ உறுமல்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் என் மச்சான் வீட்டில் போன வருஷம் இந்தப் பிரச்சினை முற்றி, இரண்டு குடும்பமும் முகம் பார்த்துப் பேசாத நிலைக்கு வந்துவிட்டது. பம்ப் இருப்பது காம்பவுண்டை ஒட்டிய நாலடிச் சந்தில். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல். அவர்களிடம் போய் நேரில் கேட்டேன். "சத்தம்கூட பரவாயில்லப்பா தம்பி, தலையணையில தலைய வச்சா உள்ளுக்குள்ள கொர்ர்னு வருது. ஜன்னலை மூடினாலும் அப்படியேதான் இருக்கு" என்றார்கள். இதைவிட நல்ல அளவீட்டை எந்த ஆப்பும் தராது. ஜன்னலை மூடினால் குறையாத சத்தம் காற்று வழியாக வரவில்லை. சுவர் வழியாக வருகிறது. அவர்கள் படுக்கையறைச் சுவர் காம்பவுண்ட் சுவரை ஒட்டியே எழுப்பப்பட்டது. இந்தப் பக்கம் பம்பின் பி.வி.சி. குழாய்கள் அதே காம்பவுண்டில் நாலு கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தன. மச்சான் பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்க இருந்தார், நிறுத்தச் சொன்னேன்.

சோதனை எளிது. பம்ப் ஓடும்போது ஒரு ஆள் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொள்ள வேண்டும், இன்னொரு ஆள் கிளாம்ப் ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். குழாய் தொங்கிவிடாமல் கீழே ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். இரண்டாவது கிளாம்பிலேயே அந்த அம்மா "ஆங், இப்ப குறைஞ்சிருச்சு" என்றார்கள். சுவரை விட்டுவிட்டு, தரையில் நிற்கும் தாங்கிகளில், ரப்பர் சுற்றிய கிளாம்பில் குழாயை உட்கார வைத்தோம். பம்புக்கும் குழாய்க்கும் நடுவே வளையும் ஹோஸ் துண்டு போடுவதும் உதவும். உறிஞ்சும் பக்கத்தில் போடுவதானால் உள்ளே கம்பிச் சுருள் உள்ள ஹோஸ் வேண்டும், இல்லையென்றால் அது சப்பிக்கொள்ளும்.

அடுத்தது பம்பின் அடியில் போடும் ரப்பர். இங்கேதான் பலரும் காசை வீணாக்குகிறார்கள். ரப்பர் என்பது ஸ்பிரிங். பம்பின் எடையால் அது எவ்வளவு அமுங்குகிறதோ அதைப் பொறுத்துத்தான் அதன் சொந்த அதிர்வெண். 15.8-ஐ, மில்லிமீட்டரில் அமுங்கும் அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்த ஹெர்ட்ஸ் வந்துவிடும். 1 மி.மீ. அமுங்கினால் சுமார் 16 ஹெர்ட்ஸ். மோட்டாரின் 48 இதைப் போல மூன்று மடங்கு, அதனால் அதிர்வில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் தரைக்குப் போகும். நல்ல விஷயம். ஆனால் பதினைந்து கிலோ பம்பை ஒரு கெட்டியான ரப்பர் மேட் மேல் வைத்தால் அது 1 மி.மீ. எங்கே அமுங்கப் போகிறது? 0.1 மி.மீ. அமுங்கினால் சொந்த அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் 48-க்கு அருகில் போய் நிற்கிறது! ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற மாதிரி அதிர்வு கூடிவிடும். ரப்பர் போட்ட பிறகு சத்தம் அதிகமானது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

வழி என்னவென்றால் எடையைக் கூட்டணும், ரப்பரின் பரப்பைக் குறைக்கணும். இரண்டடிக்கு ஒன்றரை அடி, இரண்டு அங்குல கனத்தில் ஒரு கடப்பா கல் சுமார் 38 கிலோ வரும். பம்பை அதில் போல்ட் போட்டு இறுக்கி, கல்லின் நாலு மூலையில் மட்டும் சின்னச் சின்ன மென்ரப்பர் துண்டுகள். கல்லிலிருந்து தரைக்கு எந்த போல்ட்டும் போகக்கூடாது. பிளம்பர் பாசத்தோடு கொஞ்சம் சிமெண்ட் பூசிவிட்டுப் போனாலும் போச்சு.

பம்பே தப்பான சத்தம் போட்டால் அது வேறு கதை. உள்ளே கூழாங்கல் அரைபடுவது போல் கேட்டால், தண்ணீர் வரத்து போதாமல் இம்பெல்லர் வாயில் அழுத்தம் விழுந்து, குளிர்ந்த தண்ணீரே கொதித்துக் குமிழி விடுகிறது. அந்தக் குமிழிகள் உடையும் சத்தம் அது. இம்பெல்லரையும் அரித்துவிடும். ஸ்கிம்மர் கூடையில் இலை அடைத்திருக்கும், அல்லது ஒரு வால்வு பாதி மூடியிருக்கும், அல்லது குழாயே ஒல்லி. மணிக்கு 15 கன மீட்டர் இழுக்கும் பம்புக்கு 40 மி.மீ. உள்விட்டக் குழாய் போட்டால் தண்ணீர் நொடிக்கு 3.3 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கும்; உறிஞ்சும் பக்கத்தில் 1.8-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. கூடையின் கண்ணாடி மூடிக்குள் குமிழி ஓடினால் ஓ-ரிங்கைப் பாருங்கள். சீராக ஊளையிட்டால் பேரிங். பேரிங் மாற்றும்போது மெக்கானிக்கல் சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், சீல் கசிந்து உள்ளே போன தண்ணீர்தான் பெரும்பாலும் பேரிங்கைக் கெடுத்திருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் மீதமிருக்கும் சத்தத்துக்கு என் ஓட்டு வேகத்தைக் குறைப்பதற்குத்தான். வேகம் பாதியானால் நீரோட்டம் பாதி, அழுத்தம் கால், மின்சக்தி எட்டில் ஒன்று. அதே தண்ணீரைச் சுத்திகரிக்க இரண்டு மடங்கு நேரம் ஓட வேண்டும், ஆனாலும் யூனிட் கணக்கில் காலே ஆகும். மோட்டார், டிரைவ் இழப்புகளால் நிஜத்தில் கொஞ்சம் கூடும். சத்தத்துக்கு, ஃபேன்களில் பயன்படுத்தும் தோராய விதி வேகம் பாதியானால் 15 டெசிபல் குறையும் என்கிறது. பம்புக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது, போகும் திசை அதேதான். அமெரிக்காவில் 2021 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பூல் பம்ப் செயல்திறன் விதியால் அங்கே மாறும் வேக பம்ப் சாதாரணமாகிவிட்டது. அவர்கள் மின்சாரத்துக்காகச் செய்தார்கள், அமைதி இலவசமாகக் கிடைத்தது. நம்மிடம் இருக்கும் கெபாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை ரெகுலேட்டர் போட்டு மெதுவாக்க முயல வேண்டாம், எரிந்துவிடும். மாறும் வேக பம்பாகவே வாங்க வேண்டும். வாங்கினால், ஏதாவது ஒரு வேகத்தில் குழாய் கடகடவென்று ஆடினால் நூறு ஆர்.பி.எம். மேலோ கீழோ மாற்றிப் பாருங்கள், நின்றுவிடும்.

காசே இல்லாத மாற்றம் டைமர். இரவில் ஓட்டச் சொல்லும் வெளிநாட்டு அறிவுரை, இரவு மின்சாரம் மலிவாக இருக்கும் ஊர்களுக்கானது. தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் இரண்டு மாத யூனிட் கணக்குதான், இரவில் ஓட்டி லாபமில்லை. வெயில் குளோரினைத் தின்னும் பகலில் தண்ணீர் சுற்றுவது குளத்துக்கும் நல்லது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலும் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

இதற்கப்புறமும் ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தால் பெட்டி செய்யுங்கள். கனமான பலகையில், சுவரையும் குழாயையும் தொடாமல். நூறில் ஒரு பங்கு பரப்பு திறந்திருந்தாலே, சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. மோட்டாருக்கோ காற்று வேண்டும். அதனால் காற்றுவழியை நேராக விடாமல், ஃபோம் ஒட்டிய இரண்டு மடிப்பு வைத்து, திறப்பைப் பக்கத்து வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக வையுங்கள்.