பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'டக் டக்' என்று மட்டும் சொல்கிறது, என்ஜின் சுற்றவில்லை. உடனே பேட்டரி கடைக்கு போன் போடுகிறோம். புதுப் பேட்டரி வருகிறது. நாலைந்து நாள் வண்டி ஜோராக ஓடுகிறது. பிறகு மறுபடியும் அதே 'டக் டக்'. பேட்டரிமேல் தப்பே இல்லை. ஓடும் வண்டிக்கு மின்சாரம் கொடுத்து, பேட்டரியையும் நிரப்பி வைக்க வேண்டியது ஆல்டர்னேட்டர். அது சோர்ந்துவிட்டாலோ, அதைச் சுற்றும் பெல்ட் வழுக்கினாலோ, எத்தனை பேட்டரி வாங்கிப் போட்டாலும் பணம்தான் விரயம்.

பழைய அம்பாசிடர் காலத்தில் இந்த வேலையைச் செய்தது டைனமோ. அதில் காந்தப்புலம் அசையாது, காயில் சுழலும். உண்டாகிற மின்சாரம் முழுவதும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். சிக்னலில் நின்று என்ஜின் மெதுவாக ஓடினால் ஹெட்லைட் மங்கிவிடும். ஆல்டர்னேட்டர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. நடுவில் சுழலும் ரோட்டர் ஒரு மின்காந்தம். அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் காயிலில் மின்சாரம் பிறக்கிறது. பிரஷ் வழியாக ரோட்டருக்குப் போவது சில ஆம்பியர் மட்டுமே. பெரிய மின்னோட்டம் தடித்த வயரில் நேராக வெளியேறுகிறது. ஆனால் பிறப்பது ஏசி மின்சாரம், பேட்டரிக்கு வேண்டியதோ டிசி. அதை மாற்றித்தரும் சிலிக்கான் டயோடுகள் கட்டுப்படியாகும் விலைக்கு வந்த பிறகே ஆல்டர்னேட்டர் சாதாரணக் கார்களுக்குள் நுழைந்தது. 1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் காரில் அதைப் பொருத்தியது. அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கிய சென்னை பாடி லூகாஸ் டிவிஎஸ்ஸின் ஆல்டர்னேட்டர்கள் இன்று இந்திய வண்டிகள் பலவற்றில் இருக்கின்றன.

என்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் வோல்டேஜ் 14-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். ரோட்டருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ரெகுலேட்டர் அதைப் பார்த்துக்கொள்கிறது. 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் ஓடும்போது 1,260 வாட் தருகிறது. இழப்புகளையும் சேர்த்தால், அதற்காக என்ஜினிடமிருந்து ஏறக்குறைய மூன்று குதிரைத்திறனை இழுக்கிறது. அத்தனையும் ஒரு விரல் அகல ரப்பர் பெல்ட் வழியாகப் போகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜினை ஓடவிட்டுப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தால் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி, புளோயர் எல்லாவற்றையும் போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே இறங்காமலிருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். 12.5-இல் தொடங்கி மெல்ல மெல்ல இறங்கினால் அது வேலை செய்யவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சில புது வண்டிகளில் சார்ஜிங்கைக் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைப்பதால் எண்கள் அலைபாயும். அங்கே கம்பெனி கையேட்டைப் பார்ப்பதே சரி. மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றி அதே இடத்தில் வைத்து அரை வோல்டுக்கு மேல் காட்டினால், டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம்.

என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'வண்டி நிற்கவில்லை, டைனமோ நல்லா இருக்கு' என்று சொல்லும் பழக்கம் இன்னும் சில ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது. யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள். பேட்டரி விலகிய அந்த நொடியில் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். டைனமோ வண்டிக்கு அதனால் பெரிய சேதமில்லை. இன்றைய காரில் டயோடுகளும் என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே போய்விடலாம்.

பெல்டையும் கையோடு பார்த்துவிட வேண்டும். அதன்மேல் 6பிகே1750 என்பது போல அச்சடித்திருக்கும். ஆறு வரிகள், 1,750 மில்லிமீட்டர் நீளம். புதிதாக வாங்கும்போது இந்த எண் அப்படியே பொருந்த வேண்டும். பழைய ரப்பர் பெல்டுகளில் குறுக்கே வெடிப்பு விழும், கண்ணுக்குத் தெரியும். இப்போது வரும் இபிடிஎம் ரப்பர் எளிதில் வெடிப்பதில்லை. டயர் தேய்வதைப் போல வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் தேய்ந்து அகலமாகிறது. வெடிப்பு இல்லை என்பதால் பெல்ட் நல்லது என்று நம்பிவிடக் கூடாது. ஓடும் பெல்டின் வரிப் பக்கத்தில் சற்று எட்ட நின்று தண்ணீர் தெளித்தால், கிறீச் சத்தம் கூடுவது தளர்வையும், சற்று நேரம் அடங்குவது புல்லிகள் நேர்கோட்டில் இல்லாததையும் காட்டும். டைமிங் பெல்ட் முற்றிலும் வேறு. அது மூடிக்குள் இருக்கும். அதன் பக்கம் போக வேண்டாம்.

இனி வேலை. என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினல். இதில் சோம்பல் கூடாது. ஆல்டர்னேட்டரின் முதுகில் ரப்பர் தொப்பி போட்ட நட்டு ஒன்று இருக்கும். சாவி அணைந்திருந்தாலும் அங்கே பேட்டரி மின்சாரம் நிற்கும். ஸ்பானர் அதையும் பாடியையும் ஒருசேரத் தொட்டால் தீப்பொறி பறக்கும், கை வெந்துவிடும்.

பெல்ட் எந்தப் புல்லிக்கு மேலே, எதற்குக் கீழே போகிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் டென்ஷனர் இருந்தால் அதன் போல்டில் நீளமான ஸ்பானரைப் போட்டுத் திருப்பினால் பெல்ட் தளரும். பழைய வகையில் ஆல்டர்னேட்டர் போல்டுகளைத் தளர்த்தி, அதையே என்ஜின் பக்கம் தள்ள வேண்டும். பெல்ட் வந்ததும் டென்ஷனர், ஐட்லர் புல்லிகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் பேரிங் போய்விட்டது. அதை மாற்றாமல் புதுப் பெல்ட் போடுவதில் பயனில்லை.

வயர்களைக் கழற்றி இரண்டு மூன்று போல்டுகளை எடுத்தால் ஆல்டர்னேட்டர் வர வேண்டும். பெரும்பாலும் வராது. தாங்கியில் அதன் புஷ் இறுகிப் போயிருக்கும். டயர் லிவரால் இருபுறமும் மெல்ல நெம்புங்கள். அடிக்கக் கூடாது, அலுமினிய உடல் விரிசல் விடும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து போல்ட் துளை, பிளக், புல்லி வரிகள் மூன்றையும் ஒப்பிட்ட பிறகே பொருத்துங்கள். ரப்பர் தொப்பிக்குள் இருக்கும் நட்டு இறுக்கமாக இருக்க வேண்டும், தளர்ந்திருந்தால் சூடேறிக் கருகும். பெல்டைப் போட்டதும் டார்ச் அடித்து ஒவ்வொரு புல்லியாகப் பாருங்கள். ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருந்தாலும் ஓட ஆரம்பித்த சிறிது நேரத்தில் பெல்ட் நார்நாராகிவிடும்.

அடியோடு இறங்கிப்போன பேட்டரியைத் தனியாக சார்ஜ் செய்துவிட்டு வண்டியை எடுங்கள். வெறும் பேட்டரியை நிரப்பும் சுமையைப் புது ஆல்டர்னேட்டர்மேல் முதல் நாளே ஏற்ற வேண்டாம்.

பழைய டீசல் ஜீப், வேன் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்னால் வேக்குவம் பம்பும் சேர்ந்தே இருக்கும். பிரேக் மிதியை இலேசாக்குவது அதுதான். அதற்கு என்ஜின் ஆயில் குழாயும் வரும். அவ்வண்டிகளில் இந்த வேலையைப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது நல்லது.

கழற்றிய ஆல்டர்னேட்டரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பல நேரம் அதில் தேய்ந்திருப்பது இரண்டு கார்பன் பிரஷ்ஷும் ஒரு பேரிங்கும்தான். நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியன் அதைச் சரிசெய்து தருவார், அடுத்த முறைக்கு உதவும்.