வெடிக்கு மசியாத ஹெட்செட்

அச்சங்குளம் பக்கம் பட்டாசு வெடித்துப் பார்க்கும் இடத்தில், விமானிகள் அணியும் இரைச்சல் நீக்கும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் காது தப்புமா? ஓரளவு தப்பும். ஆனால் அந்தப் பெருமை அதன் மின்னணுச் சுற்றுக்குச் சேராது.

செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தின் இரண்டு இதழ் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2400 முறை சுற்றினால், நொடிக்கு 80 அதிர்வுள்ள உறுமல் எழும். அது சீராக வருவதால், காதுக் கிண்ணத்துக்குள் இருக்கும் மைக் அதைக் கேட்டதும் நேர் எதிரான அலையை உள்ளே விட முடிகிறது; மேடும் பள்ளமும் சேர்ந்து அடங்கிவிடும். போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு 1978இல் விமானப் பயணத்தில்தான் இந்த யோசனை பிடிபட்டது. அவரது நிறுவனத்தின் இவ்வகை விமானி ஹெட்செட் விற்பனைக்கு வர 1989 ஆயிற்று.

வெடியோ சில மில்லிநொடிச் சங்கதி. 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் வரை சட்டமே விடுகிறது. அந்தக் கூர்மையான சத்தத்தைத் துரத்திப் பிடிக்க மின்னணுச் சுற்றால் ஆகாது. மெத்தையும் கிண்ணமும்தான் தடுக்க வேண்டும்.

ஆகவே வாங்கப்போகும் விமானி முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு மாட்டிப் பார்க்கட்டும். மூக்குக்கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்குகிறதா? அந்த இடுக்கு வழியே உறுமல் நுழைந்துவிடும். பேட்டரி தீர்ந்த பிறகும் ரேடியோப் பேச்சு கேட்குமா என்பது, என் கணக்கில், ப்ளூடூத்தைவிட முக்கியம்.