கேட்பதும் கேள்வி கேட்பதும்

தமிழில் 'கேட்டல்' என்னும் சொல்லுக்குச் செவிமடுத்தல், வினவுதல் என இரு பொருள்கள் உண்டு. பாட்காஸ்ட் எனப்படும் வலையொலி வாயிலாகக் கற்போர் பெருகிவரும் இந்நாளில், இவ்விரண்டையும் சேர்த்தே நினைவிற்கொள்வது நலம். சேமிப்பு, காப்பீடு, வருமான வரி, பங்குச் சந்தை எனப் பணம் சார்ந்த பொருள்களை விளக்கும் வலையொலிகள் இந்திய மொழிகள் பலவற்றிலும் இன்று கிடைக்கின்றன.

கண்ணையும் கையையும் கட்டிப்போடாமல் கற்பிப்பது வலையொலியின் முதல் நன்மை. சமையலறையிலும் பேருந்துப் பயணத்திலும் மாலை நடையிலும் அதைக் கேட்கலாம். பார்வைக் குறைபாடு உடையோருக்கும், சிறிய எழுத்துகளைப் படிக்க இயலாத முதியோருக்கும் அது பெருந்துணை. வேண்டும்போது நிறுத்தலாம், விளங்காத பகுதியை மீண்டும் கேட்கலாம். பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமும் இல்லை. வங்கிப் படிவத்தைக் கண்டாலே தயங்கும் ஒருவர், நாமினிக்கும் சட்டப்படியான வாரிசுக்கும் உள்ள வேறுபாட்டை எளிய பேச்சு நடையில் கேட்கும்போது, அவரது தயக்கம் பாதி நீங்கிவிடுகிறது.

செவிவழிக் கல்வி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஆதரவுடன் அகில இந்திய வானொலி புனே வட்டாரத்தில் ஒரு சோதனையை நடத்தியது. ஏறத்தாழ 150 சிற்றூர்களில் மக்கள் குழுவாக அமர்ந்து, வாரம் இருமுறை வேளாண்மை, ஊர் நலம் குறித்த அரைமணி நேர நிகழ்ச்சியைக் கேட்டனர்; பின்னர் தமக்குள் விவாதித்தனர்; ஐயங்களை நிலையத்திற்கு எழுதியனுப்பினர். டாடா சமூக அறிவியல் நிறுவனம் இதனை ஆராய்ந்தபோது, அவ்வூர்களில் மக்களின் அறிவு கணிசமாக உயர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் விவாதக் குழு இல்லாத ஊர்களில் உயர்வு மிகக் குறைவாகவே இருந்தது.

வலையொலியின் முதற்குறையை இந்தச் சோதனையே காட்டிவிடுகிறது. தனியே கேட்பவருக்கு உடன் விவாதிப்பார் இல்லை. பேசுபவரை இடைமறித்து வினவவும் வழியில்லை.

இரண்டாவது குறை, எண்கள் செவியில் தங்குவதில்லை. '7 சதவீத வட்டி' என்பது கேட்பதற்கு எளிது. ஆனால் 1 லட்சம் ரூபாய் பத்தாண்டுகளில் தனிவட்டியில் 1,70,000 ரூபாயாகும். காலாண்டுதோறும் கூட்டுவட்டி சேர்ந்தால் ஏறத்தாழ 2,00,160 ரூபாயாகும். முப்பதாயிரம் ரூபாய்க்கும் மேற்பட்ட இவ்வேறுபாடு, தாளில் எழுதிப் பார்த்தால்தான் மனத்தில் பதியும்.

மூன்றாவது குறை, பழைய பதிவுகள். வங்கி வைப்புத்தொகைக்கான காப்பீட்டு வரம்பு 2020 பிப்ரவரி 4 முதல் 1 லட்சம் ரூபாயிலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் வெளியான பதிவு ஒன்றை இன்று கேட்பவர், தேதியைக் கவனிக்காவிடில் பழைய வரம்பையே உண்மையெனக் கொள்வார். வரி விதிகளுக்கும் வட்டி விகிதங்களுக்கும் இது பொருந்தும்.

நான்காவது குறையே மிகுந்த எச்சரிக்கைக்குரியது. கல்வி என்ற பெயரில் பங்குப் பரிந்துரை நுழைந்துவிடுவதுண்டு. இதனைத் தடுக்கவே, முதலீட்டுக் கல்வி மட்டும் அளிப்போர் முந்தைய மூன்று மாதச் சந்தை விலைகளைக் காட்டிக் குறிப்பிட்ட பங்குகளைப் பற்றிப் பேசலாகாது என 2025 ஜனவரியில் செபி கட்டுப்பாடு விதித்தது. ஆலோசனை கூறுபவர் செபியில் பதிவு பெற்றவரா என்பதை அதன் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம்.

ஆகவே, வலையொலியைத் தவிர்க்க வேண்டியதில்லை. அதனோடு சில பழக்கங்களைச் சேர்த்துக்கொண்டால் போதும். பதிவு வெளியான தேதியை முதலில் பாருங்கள். முக்கியமான தொகையையும் விகிதத்தையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டதை வீட்டில் உள்ளவர்களோடு பேசுங்கள். புனே ஊர்களில் பயன் தந்தது அதுவே. கேட்டவுடன் பணம் அனுப்பாதீர்கள். திட்ட ஆவணத்தைப் படித்த பிறகே கையொப்பமிடுங்கள். எஞ்சும் ஐயங்களை எழுதி எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்கு வாருங்கள். வலையொலியிடம் வினவ இயலாத கேள்வியைக் கிளை அலுவலரிடம் தயங்காமல் வினவலாம். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.