ஏறியிறங்கும் இயந்திரமும் பழுதுற்ற உணரியும்

கற்பிட்டித் தீபகற்பத்து ஆலங்குடா போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று மோட்டார் வண்டியின் மின்னிணைப்புகளையும் அரிக்க வல்லது. மிதியை அசையாது வைத்திருக்கவும் இயந்திரத்தின் வேகம் தானே ஏறியிறங்குமாயின், குறுகிய தெருவில் அஃது ஆபத்தாகும்.

பெற்றோல் இயந்திரத்துட் காற்றை விடும் வாயிலின் திறப்பை ஓர் உணரி அளந்து, மின்னழுத்தமாகக் கணினிக்கு அறிவிக்கின்றது. அறிவிப்புத் தவறின் எரிபொருளின் அளவும் தவறும்.

எனினும் உணரியை முதலிலேயே குற்றஞ் சாட்டலாகாது. காற்றுக்குழாயில் வெடிப்புண்டோ, இணைப்பிற் பச்சைக் களிம்பு படிந்துளதோ என நாம் முன்னர் நோக்குதல் வேண்டும். பின்னர் இயந்திரத்தை இயக்காது சாவியை மட்டும் திருப்பி, உணரியின் சைகைக் கம்பியில் வோல்ற்றுமானியைத் தொடுத்து, மிதியை மெல்ல அழுத்துவோம். பெரும்பாலான வண்டிகளில் அளவு ஏறக்குறைய 0.5 வோல்ற்றிலிருந்து 4.5 வோல்ற்று வரை சீராக உயரும். இடையிற் சட்டென விழுந்தெழுமாயின் உணரி தேய்ந்துள்ளதென்க.

சோதியாது புதிய உறுப்பு வாங்குவோர்க்குப் பணமும் போம், பழுதும் நிற்கும்.