மாநாடும் குளக்கட்டும்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைச் சூறையாடிற்று. இந்து சமுத்திரத்தில் அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. நான்கு வாரம் கழியுமுன், யப்பானின் கோபே நகரில் அனர்த்தத் தணிப்புக்கான உலக மாநாடு கூடிற்று. அங்கு 168 நாடுகள் ஏற்ற செயற்றிட்டம் வருமுன் காத்தலை வற்புறுத்தியது. அவ்வாண்டே இலங்கையும் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தை இயற்றியது.

2018 டிசம்பரிற் பெருமழையால் இரணைமடுக் குளம் நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் பரந்தது. குளக்கட்டின்கீழ் வாழும் கமக்காரன் அறியவேண்டியவை மூன்று: கதவு எப்பொழுது திறக்கும்? நீர் எதுவரை ஏறும்? ஒதுங்கத்தக்க மேட்டுநிலம் எது? மாநாட்டில் விளையும் அறிவு, இம்மூன்றுக்கும் விடையாகி, மழைக்கு முன்னரே அவன் வாயிலை அடைதல் வேண்டும். அடையாதாயின், ஏட்டிலுள்ள சட்டம் எவரையும் கரைசேர்ப்பதில்லை.