மனநோய்க்கும் மெடிக்கிளைம் உண்டு

நம் உறுப்பினர்களில் பலர் குடும்பத்துக்கு மெடிக்கிளைம் பாலிசி எடுத்து, ஆண்டுதோறும் பிரீமியம் கட்டி வருகிறோம். மனநோய்க்கு அதில் பணம் கிடைக்காது என்பதே லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் இன்றும் பேசப்படுவது. முன்பு அது உண்மைதான். அந்நோயை விலக்கி ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் அமலில் உள்ளது. உடல் நோய்க்குக் காப்பீடு தரும் அதே அடிப்படையில் மனநோய் சிகிச்சைக்கும் தர வேண்டும் என்கிறது அதன் 21(4)ஆம் பிரிவு. பழைய வரியைக் காட்டி ஒரு பொதுத்துறை நிறுவனம் மறுத்த கிளைமைக் கொடுக்கும்படி 2021இல் டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபர் 31க்குள் எல்லாப் பாலிசிகளும் சட்டப்படி அமைய வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் உத்தரவிட்டது.

எல்லாச் செலவும் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. மாதாமாதம் டாக்டரைப் பார்க்கும் கட்டணமும் மாத்திரையும் நம் கைச்செலவு. ஏற்கெனவே நோய் இருந்தால் காத்திருப்புக் காலமும் உண்டு.

விண்ணப்பத்தில் மறைப்பதுதான் நம்மவர்களிடம் உள்ள பெரிய கோளாறு. பெண்ணின் கல்யாணம் தடைபடும் என்று அஞ்சி, சிகிச்சை நடப்பதை எழுதாமல் விடுகிறார்கள். பத்து ரூபாய்க் கடனையும் நோட்டில் குறிக்கிற நாம் இதை விடலாமா? மறைத்தது தெரிந்தால் கிளைமை மறுக்க நிறுவனத்துக்கு அதுவே போதும். எழுதிக் கொடுத்தும் மறுத்தால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமோ வக்கீலோ தேவையில்லை.

ஆட்டிசம் குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுக்கு வேண்டியது ஆஸ்பத்திரிப் படுக்கை அன்று; வருடக்கணக்கில் பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும். சாதாரண மெடிக்கிளைம் இதற்கு அநேகமாக உதவாது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' திட்டம் இதற்கென்றே உள்ளது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சேரும்போது மருத்துவப் பரிசோதனை இல்லை. பயிற்சிச் செலவும் வெளிநோயாளி சிகிச்சையும் இதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு உண்டு. கட்டணம் சில நூறு ரூபாய்தான். மாற்றுத்திறனாளி சான்று அவசியம். சேலத்தவரும் நாமக்கல்லாரும் அவரவர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். பயிற்சி மையத்தில் கொடுக்கும் ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்திருங்கள். செலவு செய்த பிறகே பணம் திரும்பக் கிடைக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.