வெளிநாட்டு வேலைப் பயணமா? பெட்டியை மூடும் முன் இதைப் படியுங்கள்!

சொந்தமாக லேப்டாப் வாங்கிய சில மாதங்களிலேயே சிலருக்கு அலுவலகத்திலிருந்து அந்தச் செய்தி வந்துவிடும். "அடுத்த மாதம் சிங்கப்பூர் போக வேண்டும், பாஸ்போர்ட் இருக்கிறதா?" உடனே வீட்டில் ஊறுகாய் முதல் பருப்புப் பொடி வரை பட்டியல் தயாராகும். ஆனால் அங்கே போய் வீட்டோடும் அலுவலகத்தோடும் தொடர்பில் இருக்க என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை யாரும் போடுவதில்லை. நானும் போடவில்லை. அதன் பலனை அனுபவித்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

டிராயரில் தூங்கிய சிம்

செஞ்சிக்கு அருகே, பல்லவர் குகைக்கோயில் உள்ள தளவானூர் என் ஊர். 2023-ல் முதல் முறையாக மூன்று மாத வேலைக்குச் சிங்கப்பூர் சென்றேன். லேப்டாப், பவர் பேங்க், ஹெட்போன் என்று எல்லாவற்றையும் எடுத்துக் கொண்டேன். இந்திய சிம் கார்டை மட்டும், "அங்கே ரோமிங் செலவு எதற்கு?" என்று பழைய போனில் போட்டு, ஸ்விட்ச் ஆப் செய்து, வீட்டு மேசை டிராயரில் வைத்துவிட்டுப் போனேன்.

நான்காவது வாரம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். முன்பணம் கட்டச் சொன்னார்கள். என் கணக்கில் பணம் இருந்தது. லேப்டாப்பில் நெட் பேங்கிங்கைத் திறந்து தங்கையின் கணக்கிற்கு அனுப்ப முயன்றேன். கடைசித் திரையில் ஓ.டி.பி. கேட்டது. அந்த எண் தளவானூர் வீட்டில், பூட்டிய கதவுக்குள், உயிரில்லாத போனுக்குப் போய்க் கொண்டிருந்தது. வீட்டில் இருந்த எல்லோரும் விழுப்புரத்தில். எதிர்வீட்டு அத்தை தன் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினார். அப்பா இன்று நலமாக இருக்கிறார். வளையலையும் மீட்டுக் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்று இரவு நான் தெரிந்து கொண்டது இதுதான்: பயணத்தில் நம்மை முதலில் கைவிடுவது கருவிகள் அல்ல, "இது நான்தான்" என்று நிரூபிக்கும் வழி. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

1. இந்திய சிம்மைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்

இரண்டு சிம் போடும் போன் இருந்தால் ஒன்றில் இந்திய சிம், மற்றொன்றில் அந்த நாட்டு சிம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே இந்திய எண்ணில் சர்வதேச ரோமிங்கை இயக்கி வையுங்கள். ரோமிங்கில் வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. இருந்தாலும் உங்கள் திட்டத்தில் எப்படி என்று கேட்டு உறுதி செய்து கொள்ளுங்கள். போனின் செட்டிங்ஸில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். பில் எகிறுவது பெரும்பாலும் அதனால்தான்.

மூன்று மாதப் பயணத்திற்கு 28 நாள் ரீசார்ஜ் போதாது என்பதும் நினைவில் இருக்கட்டும். சிம் மாற்றும் சிறிய ஊசியையும் பர்சில் போடுங்கள். விமான நிலையத்தில் அதைத் தேடி அலைந்தவன் நான்.

இ-சிம் என்பது போனுக்குள்ளேயே பதிக்கப்பட்ட சிப். கார்டு மாற்றத் தேவையில்லை. கியூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்தால் போதும். உங்கள் போன் இதை ஏற்குமானால் ஊரில் இன்டர்நெட் இருக்கும்போதே பதிந்து கொள்ளலாம்.

பழைய பட்டன் போனை அவசரத்திற்கு எடுத்துச் செல்கிறீர்களா? அது 2ஜி-யில் மட்டும் இயங்குவதாக இருந்தால் சிங்கப்பூரில் பயனில்லை. அங்கே 2017 ஏப்ரலிலேயே 2ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள்.

2. எஸ்.எம்.எஸ். இல்லாமலும் நுழைய ஒரு வழி

இமெயில் கணக்கிற்குள் நுழைய எஸ்.எம்.எஸ்.ஸை மட்டும் நம்பாதீர்கள். அத்தென்டிகேட்டர் என்ற வகை புரோகிராம்களை கூகுள், மைக்ரோசாப்ட் போன்ற நிறுவனங்கள் இலவசமாகத் தருகின்றன. இவை எப்படி இயங்குகின்றன? முதலில் பதியும்போது உங்கள் போனும் அந்தத் தளமும் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்து கொள்கின்றன. பிறகு அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, பொதுவாக 30 விநாடிக்கு ஒரு முறை புதிய எண்ணைத் தருகின்றன. எனவே சிம், சிக்னல், இன்டர்நெட் எதுவும் இல்லாமலேயே எண் கிடைக்கும். போனில் நேரம் சரியாக இருந்தால் போதும்.

போனே தொலைந்தால்? கூகுள் கணக்கில் பேக்கப் கோட் என்று பத்து எண்கள் தரப்படும். அவற்றைத் தாளில் அச்சிட்டு, போன் இருக்கும் பையில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள்.

ஏ.டி.எம். கார்டையும் கவனியுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் முதல் புதிதாக வழங்கப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் இயங்கும்படியே வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் வங்கியின் ஆப் அல்லது தளத்தில் இயக்க வேண்டும்.

3. மின்சாரம்: லேபிளைப் படியுங்கள்

லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் "இன்புட்" என்ற வரி இருக்கும். அதில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் உலகின் எந்த நாட்டிலும் அது இயங்கும். செருகும் முனையை மட்டும் மாற்றினால் போதும். சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் மூன்று தட்டையான முனைகள். ஜெர்மனியில் இரண்டு உருண்டை முனைகள். அமெரிக்காவில் இரண்டு தட்டை முனைகள்; சிலவற்றில் மூன்றாவதாக ஓர் உருண்டை முனையும் இருக்கும்.

ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி பிளக் வாங்க வேண்டாம். ஒரு மாற்று பிளக்கும், நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் இருந்தால் லேப்டாப், போன் இரண்டையும் ஒன்றாக சார்ஜ் செய்யலாம்.

ஆனால் மாற்று பிளக் வோல்டேஜை மாற்றாது. அம்மா ஆசையாகக் கொடுக்கும் மிக்ஸியின் லேபிளில் 230 வோல்ட் மட்டுமே இருக்கும். சிங்கப்பூரில் 230 வோல்ட்தான், அதனால் ஓடும். 120 வோல்ட் உள்ள அமெரிக்காவில் ஒழுங்காக ஓடாது. அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

4. பவர் பேங்க்: கைப்பையில் மட்டுமே

பவர் பேங்கைச் சரக்கோடு போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் சரக்கறையில் யாரும் உடனே கவனிக்க முடியாது. கைப்பையில் இருந்தால் விமானப் பணியாளர்கள் அணைக்க முடியும்.

100 வாட்-அவர் வரை முன் அனுமதி தேவையில்லை என்பது பொதுவான விதி. கணக்கு எளிது. மில்லி ஆம்பியர் அளவை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்கவும். 10,000 என்றால் 37. 20,000 என்றால் 74. 27,000 வரை எல்லைக்குள். அளவு அச்சிடப்படாத மலிவான பவர் பேங்க் பாதுகாப்புச் சோதனையிலேயே பறிபோகலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் பவர் பேங்கால் போனை சார்ஜ் செய்வதற்கும் அனுமதி இல்லை. ஆகவே ஏறும் முன்பே போனை முழுதாக சார்ஜ் செய்துவிடுங்கள்.

5. பைல்கள்: இரண்டு இடம், ஒரு தாள்

பாஸ்போர்ட், விசா, டிக்கெட், தங்குமிட முகவரி, அலுவலகத் தொடர்பு எண்கள். இவற்றை ஒரு போல்டரில் போட்டு, பாஸ்வேர்டுடன் ஜிப் செய்து, பென் டிரைவில் ஒன்றும் உங்கள் இமெயிலில் ஒன்றுமாக வையுங்கள். முகவரியைத் தாளிலும் எழுதிக் கொள்ளுங்கள். குடியேற்றப் பிரிவில் நிற்கும்போது போன் அணைந்துபோனால் தாள்தான் கைகொடுக்கும். போகும் ஊரின் வரைபடத்தை கூகுள் மேப்ஸில் முன்கூட்டியே டவுண்லோட் செய்தால் இன்டர்நெட் இல்லாமலும் வழி பார்க்கலாம். அலுவலக வி.பி.என். வீட்டு இணைப்பில் வேலை செய்கிறதா என்று ஒரு நாள் சோதித்துப் பாருங்கள்.

6. வீட்டுப் பக்கத்தையும் தயார் செய்யுங்கள்

தொடர்பு என்பது இருமுனைக் கயிறு. உங்கள் முனையை மட்டும் இறுக்கினால் போதாது. எல்லா நாட்டிலும் எல்லாச் சேவையும் இயங்காது. சீனாவில் வாட்ஸ்அப், கூகுள் இரண்டும் தடுக்கப்பட்டுள்ளன. போகும் நாட்டில் எது இயங்கும் என்று அங்கிருக்கும் நண்பரிடம் கேட்டு, அதையே அம்மாவின் போனிலும் பதிந்து, அடுத்த அறையில் இருந்துகொண்டு நான்கு முறை பேசிப் பழக்குங்கள்.

கிராமத்தில் மின்சாரம் போனால் பிராட்பேண்ட் ரௌட்டரும் அணைந்துவிடும். இதற்கென்றே சிறிய மினி யு.பி.எஸ். கிடைக்கிறது. வீட்டு கம்ப்யூட்டரில் சிக்கல் என்றால், விண்டோஸில் உள்ள குவிக் அசிஸ்ட் மூலம் நீங்கள் அங்கிருந்தே சரி செய்யலாம். ஆனால் "உங்கள் குரலைத் தவிர வேறு யார் கேட்டாலும் அனுமதி தரக் கூடாது" என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். மோசடிக்காரர்களுக்கும் இதே வழி தெரியும்.

கடைசியாக, ஒரு மாதச் செலவுக்கான பணத்தைத் தங்கை அல்லது தம்பியின் கணக்கில் போட்டுவிட்டுப் புறப்படுங்கள். இது எந்த ஓ.டி.பி.யையும் விட வேகமாக வேலை செய்யும்.

ஒரு நாள் ஒத்திகை

பயணத்திற்கு மூன்று நாள் முன்பு, பெட்டியில் வைத்தவற்றை மட்டும் கொண்டு ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள். வீட்டு சார்ஜரைத் தொடாதீர்கள். இமெயிலிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள். நெட் பேங்கிங்கில் 1 ரூபாய் அனுப்புங்கள். எங்கே சிக்கிக் கொள்கிறீர்களோ அதுதான் நீங்கள் மறந்த பொருள்.

இரண்டாம் முறை புறப்பட்டபோது இந்த ஒத்திகையைச் செய்தேன். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்த அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "சிம்மை எடுத்துக்கிட்டியாப்பா?"